சைக்கிளுக்குப் பொருந்தும் ஹெட்செட்: அளவெடுப்பதில் இருந்து மாட்டுவது வரை

என் மேசை இழுப்பறையில் இரண்டாக வெடித்த ஓர் இரும்பு வளையம் கிடக்கிறது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் கழுத்தடியில் உட்கார வேண்டிய வளையம். ஹேண்டில்பார் திரும்புவதற்காக ஃபிரேமின் கழுத்தில் மேலும் கீழும் இருக்கும் பேரிங் தொகுதிக்குப் பேர் ஹெட்செட்; இந்த வளையம் அதில் ஒரு துண்டு. அதன் உள்விட்டம் 26.4 மி.மீ. நான் அதை ஏற்றப் பார்த்த இடத்தின் அளவு 27.0 மி.மீ. வித்தியாசம் அரை மில்லிமீட்டர் சொச்சம்தானே, தட்டினால் இறங்கிவிடும் என்று நினைத்தேன். நான்காவது அடியில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இணையத்தில் விற்றவர் ‘ஒரு அங்குல ஹெட்செட், எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தார். என் சைக்கிளும் ஒரு அங்குலம்தான். ஆனால் அது பழைய ஜப்பானிய இரும்பு ஃபிரேம். ‘ஒரு அங்குலம்’ என்ற பெயருக்குள் எத்தனை அளவுகள் ஒளிந்திருக்கின்றன என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு பல ஹெட்செட் மாற்றிவிட்டேன். ‘இந்த மாடலுக்கு எந்த ஹெட்செட்?’ என்று யாராவது கேட்டால் இப்போது நான் பதில் சொல்வதில்லை. சைக்கிளின் பேரை வைத்து ஹெட்செட் வாங்க முடியாது. ஹெட்செட் ஒரே பொருள் மாதிரி ஒரு பெட்டியில் வந்தாலும் அது இரண்டு தனித்தனிச் சாமான்: மேல் பாதி, கீழ்ப் பாதி. ஒவ்வொரு பாதியும் ஒரு பக்கம் ஃபிரேமோடும் இன்னொரு பக்கம் ஃபோர்க்கோடும் பொருந்த வேண்டும். ஆக நான்கு இடம், நான்கு எண். அந்த நான்கும் கையில் இருந்தால் எந்தக் கடையிலும் வாங்கலாம்.

மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் ஹெட்செட்தான் குற்றவாளியா என்று பாருங்கள். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரலை ஃபிரேமும் ஃபோர்க்கும் சேரும் இடத்தில் வையுங்கள். அங்கே ‘டக் டக்’ என்று அசைவு தெரிந்தால் ஆட்டம் இருக்கிறது. ஆனால் ஆட்டம் என்றாலே தேய்மானம் இல்லை. பாதி நேரம் இறுக்கம் குறைந்திருக்கும், சரிசெய்தால் போதும். சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றால் அதன் கால்களுக்குள் இருக்கும் புஷ்ஷும் இதே மாதிரி ஆடும். டிஸ்க் பிரேக் பேட்கூடச் சற்று அசையும். விரலை வைத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்த சோதனைதான் முக்கியம். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை ஒற்றை விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ‘கடக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றால் ரேஸ், அதாவது பேரிங் குண்டுகள் உருளும் பாதை, போய்விட்டது. ஓட்டும்போது இது வேறு மாதிரி தெரியும்: கையை விட்டு ஓட்ட வராது, சைக்கிள் இடமும் வலமும் அலைந்துகொண்டே போகும்.

இந்தப் பள்ளம் எப்படி வருகிறது என்பதைக் கழற்றினால் கண்ணால் பார்க்கலாம். ஃபிரேமின் கழுத்தில் இறுக்கியிருக்கும் கிண்ணம்தான் கப். கீழ்க் கப்பை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, நகத்தால் அந்த வளையப் பாதையில் வருடிப் பாருங்கள். சம இடைவெளியில் குழி குழியாக நகம் தட்டும். ஒவ்வொரு குழியிலும் ஒரு குண்டு உட்கார்ந்திருந்தது. ரோட்டுப் பள்ளத்தில் விழுந்து விழுந்து குண்டுகள் குத்திவிட்டன என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில், நேராகவே ஓடும்போது குண்டுகள் ஒரே இடத்தில் நின்று நுணுக்கமாக அதிர்கின்றன, அந்த இடத்தில் கிரீஸ் விலகிவிடுகிறது, இரும்பும் இரும்பும் உரசி அரித்துக்கொள்கின்றன. சக்கரத்திலோ பெடலிலோ இப்படி ஆகாது. அங்கே குண்டு உருண்டுகொண்டே இருக்கும்.

அவசரத்துக்கு ஒரு தந்திரம் உண்டு. கூண்டுக்குள் கோத்த பால்ரஸ் என்றால் கூண்டை எடுத்துவிட்டு, அதே அளவு உதிரிக் குண்டுகளை நிரப்புங்கள். குண்டுகளின் இடைவெளி மாறுவதால் பழைய குழிகளோடு அவை ஒத்துப்போகாது. பள்ளம் தெரியாமல் சில மாதம் ஓடும். வளையத்தை நிரப்பிவிட்டு ஒரு குண்டு அளவு இடம் காலியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. தம்பியின் ஹைபிரிட் சைக்கிளை ஒரு கடையில் காட்டியபோது முழு ஹெட்செட்டையும் மாற்றச் சொன்னார்கள். வீட்டில் வைத்துக் கழற்றினால் மேல் பேரிங் புதுசு போல இருந்தது. கீழ் பேரிங் மட்டும் துருப்பிடித்துக் கரகரத்தது. அது கார்ட்ரிட்ஜ் பேரிங், அதாவது குண்டும் பாதையும் சேர்த்து ஒரே வளையமாக மூடி வருவது. அதை மட்டும் வாங்கிப் போட்டோம், வேலை முடிந்தது. கார்ட்ரிட்ஜ் பேரிங்கில் அந்தக் குழியெல்லாம் பேரிங்குக்குள்ளேயே நடக்கும். கப்புக்கு ஒன்றும் ஆகாது. முன் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் முதலில் தாக்குவது கீழ் பேரிங்கைத்தான். அதனால் பெரும்பாலும் கீழே இருப்பதே முதலில் போகும்.

மரை உண்டா இல்லையா?

ஹேண்டில்பாருக்குக் கீழே பாருங்கள். ஸ்பேனர் போடுகிற மாதிரி ஆறு பட்டை கொண்ட நட் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தெரிந்தால், அல்லது ஸ்டெம், அதாவது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு, ஒல்லியாக ஃபோர்க் தண்டுக்குள்ளே (ஃபிரேமின் கழுத்துக் குழாய்க்குள் ஏறும் ஃபோர்க்கின் மேல்பகுதி) இறங்கிப் போனால், அது மரை வைத்த ஹெட்செட். ஸ்டெம் தண்டை வெளியிலிருந்து கவ்விப் பிடித்து, பக்கவாட்டில் இரண்டு போல்ட்டும் உச்சியில் ஒரு சிறு மூடியும் இருந்தால் மரை இல்லாதது. இந்த இரண்டாவது வகை, ஜான் ரேடர் என்பவர் வடிவமைத்து 1992இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. டயா-காம்பே நிறுவனம் ‘அஹெட்செட்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்குக் கியர் சைக்கிள் என்று வாங்குகிற பெரும்பாலானவற்றில் இதுதான்.

ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அப்படியே மாட்ட முடியாது. மரை வைத்த ஃபோர்க்குக்கு மரை வைத்த ஹெட்செட்தான். மாற்ற ஆசைப்பட்டால் ஃபோர்க்கையும் ஸ்டெம்மையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கழற்றும்போது

மரை இல்லாததில் மேல் மூடியின் போல்ட்டை எடுத்து, ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகளைத் தளர்த்தினால் ஃபோர்க் கீழே வழுக்கி விழப் பார்க்கும். ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். மரை வைத்ததில் லாக் நட்டுக்கு, அதாவது உச்சியில் இருக்கும் நட்டுக்கு, ஸ்பேனர் வேண்டும். ஒரு அங்குலத் தண்டுக்கு 32 மி.மீ., ஒன்றேயரைக்கால் (1⅛) அங்குலத் தண்டுக்கு 36 மி.மீ.தான் வழக்கம்.

வருகிற சாமானை வருகிற வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். மேலே எது, கீழே எது, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது ராத்திரி பத்து மணிக்கு நினைவிருக்காது. ஃபோனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மரை இல்லாததில் மேல் பேரிங்கின் நடுவில், ஒரு பக்கம் வெட்டிய சாய்வு வளையம் ஒன்று இருக்கும்: கம்ப்ரஷன் ரிங். தண்டோடு ஒட்டிக்கொண்டு வரும், கவனிக்காமல் துணியோடு சுருட்டிப் போட்டுவிடுவோம். அது இல்லாமல் ஹெட்செட்டே இல்லை.

நான்கு இடங்களில் அளவெடுக்க வேண்டும். ஃபிரேமின் கழுத்துக் குழாய், அதாவது ஹெட் டியூப், மேல்வாயில் உள்விட்டம். அதே குழாயின் கீழ்வாயில் உள்விட்டம். ஃபோர்க் தண்டின் மேல்பக்க வெளிவிட்டம். தண்டின் அடியில், கிரவுன் ரேஸ் (நான் வெடிக்க வைத்த அந்த அடி வளையம்) உட்காரும் திண்டின் வெளிவிட்டம். சாதாரண டிஜிட்டல் வெர்னியர் போதும். ஸ்கேலும் டேப்பும் இந்த வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு இடத்தையும் குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை அளந்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்; ஒத்துப்போகவில்லை என்றால் குழாய் நெளிந்திருக்கிறது. வாயில் வழிந்த பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும்.

குழாயின் உட்புறத்தை 0.1 மி.மீ. துல்லியத்துக்கு அளப்பது பழகியவருக்கே சிரமம். பழைய கப்பைத் தட்டி எடுத்திருந்தால் அதன் பாவாடையை, அதாவது குழாய்க்குள் இறங்கியிருந்த பகுதியை, வெளியே அளப்பது சுலபம். நான் அதைத்தான் நம்புகிறேன்.

மரை வைத்தது: ஒரு அங்குலத்துக்குள் எத்தனை அங்குலம்

பழைய சைக்கிளில்தான் வில்லங்கம். தண்டின் வெளிவிட்டம் 25.4 மி.மீ. என்று வந்தால் ஒரு அங்குலம். அதற்குள்ளேயே இரண்டு பெரிய குடும்பம். சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ அளவில் கப் 30.2, கிரவுன் ரேஸ் 26.4. ஜப்பானிய ஜேஐஎஸ் அளவில் கப் 30.0, கிரவுன் ரேஸ் 27.0. மரை இரண்டிலும் ஒன்றே. அதனால்தான் நட் எல்லாம் அழகாக ஏறி, வளையம் மட்டும் வெடித்தது எனக்கு.

கப்பில் இருக்கும் 0.2 மி.மீ. வித்தியாசம் வெர்னியரில் ஏமாற்றும். கிரவுன் ரேஸில் இருக்கும் 0.6 மி.மீ. ஏமாற்றாது. அதனால் அடி வளையத்தை முதலில் அளந்துவிடுங்கள். 27 என்றால் கப் பெரும்பாலும் 30.0. பெரும்பாலும்தான். யாரோ ஒருவர் முன்பே ஃபோர்க்கை மாற்றியிருக்கலாம், எனவே கப்பையும் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஜேஐஎஸ் கப்பை ஐஎஸ்ஓ ஃபிரேமில் போட்டால் கையாலேயே இறங்கிவிடும், லொடலொடக்கும். டின் தகடு சுற்றிச் சொருகுகிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். எதிர்ப்பக்கம் வழி உண்டு: 27.0 திண்டை அதற்கென்றே உள்ள வெட்டுக் கருவியால் 26.4 ஆக்கலாம், ஃபிரேமையும் 30.2 கப்புக்கு ஏற்றபடி ரீமர் போட்டு விரிக்கலாம். நான் கடைசியில் ஜேஐஎஸ் ஹெட்செட்டையே தேடி வாங்கினேன். ஃபிரேமை வெட்ட மனசு வரவில்லை.

பிறகு மரை. ஐஎஸ்ஓ, ஜேஐஎஸ் இரண்டும் அங்குலத்துக்கு 24 மரை. ஆனால் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ராலே தொழிற்சாலை தன் சைக்கிளுக்கு 26 மரை வைத்தது. விட்டம் அதேதான். 24 மரை நட்டை 26 மரைத் தண்டில் ஏற்றினால் ஒன்றிரண்டு சுற்று ஆசை காட்டிவிட்டு இறுகிவிடும். ஸ்பேனர் போட்டு அழுத்தினால் இரண்டு மரையும் போச்சு. மரை எண்ண கேஜ் இல்லையென்றால் ஒரு தாளைத் தண்டின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். கோடு கோடாகப் பதியும். அரை அங்குலத்துக்குள் 12 கோடா 13 கோடா என்று எண்ணுங்கள்.

பழைய பிரெஞ்சு சைக்கிள்களில் தண்டு 25.0 மி.மீ., மரை ஒரு மி.மீ.க்கு ஒன்று. வெர்னியர் 25.4க்குப் பதில் 25 காட்டும்போதே சுதாரித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பழைய சைக்கிள், பிஎம்எக்ஸ், சில சிறுவர் சைக்கிள் ஆகியவற்றில் கப் 32.7 மி.மீ. அளவில் இருக்கும், தண்டின் உள்ளோட்டமும் குறுகல். 1990களின் மவுன்டன் பைக் என்றால் மரை வைத்த ஒன்றேயரைக்கால் அங்குலம் வரும்: தண்டு 28.6, மரை 26, கப் 34, கிரவுன் ரேஸ் 30.

நம் ஊர்ப் பெரிய சைக்கிள் விஷயம் வேறு. ஆங்கிலேய ரோட்ஸ்டரை அச்சாக வைத்துப் பிறந்தவை அவை. சாமான் எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும், பெரும்பாலும் ஹெட் கப், கோன், பால்ரஸ் என்று உதிரியாக. முதல் தடவை நான் போனபோது நடந்தது இதுதான்.

“அண்ணே, ஹெட் கப் ஒரு செட் குடுங்க.”

“பழசு எங்க தம்பி?”

“வீட்ல இருக்குண்ணே. சைக்கிள் பேரு சொல்லட்டுமா?”

“பேரு எதுக்கு? அதே பேருல நாலு விதமா வருது. கப்ப எடுத்துட்டு வா, பக்கத்துல வச்சுப் பாத்துத் தரேன்.”

வெர்னியர் இல்லாமலே அவர் சொன்னது சரிதான். பழைய கப், கோன், குண்டு மூன்றையும் ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள். குண்டு பெரும்பாலும் 5/32 அங்குலம், அதாவது 3.97 மி.மீ.; சிலவற்றில் 3/16, அதாவது 4.76. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும், கையில் உருட்டினாலும் தெரியாது. அளந்துவிடுங்கள். பழைய குண்டையும் புதுக் குண்டையும் கலக்காதீர்கள்.

மரை இல்லாதது: எழுத்தும் எண்ணும்

இங்கே வாழ்க்கை கொஞ்சம் எளிது, ஏனென்றால் கேன் கிரீக் முதலான தயாரிப்பாளர்கள் ஒரு பொதுக் குறியீட்டுக்கு வந்துவிட்டார்கள். பெட்டியின் மேல் ‘இசட்எஸ்44/28.6’, ‘இசட்எஸ்56/40’ என்று இரண்டு துண்டாகப் போட்டிருக்கும். முதல் துண்டு மேல் பாதி, இரண்டாவது கீழ்ப் பாதி. சாய்வுக் கோட்டுக்கு முன்னால் இருப்பது ஃபிரேம் பக்கம், பின்னால் இருப்பது ஃபோர்க் பக்கம். மேலே 28.6 என்றால் தண்டின் விட்டம். கீழே 40 என்றால் கிரவுன் ரேஸ் உட்காரும் திண்டு. பல எண்கள் முழுமையாக்கப்பட்டவை; 40 என்று எழுதியிருப்பது உண்மையில் 39.8.

எழுத்து மூன்று விதம். ஈசி என்றால் கப் ஹெட் டியூபுக்கு வெளியே மேடாகத் தெரியும், பேரிங் வெளியே இருக்கும். இசட்எஸ் என்றால் கப் உள்ளே இறுக்கி அமர்ந்திருக்கும், வெளியே மெல்லிய உதடு மட்டும் தெரியும். ஐஎஸ் என்றால் கப்பே கிடையாது. ஃபிரேமிலேயே கடைந்த திண்டில் பேரிங்கை விரலால் எடுத்து வைக்கலாம். இசட்எஸ்ஸும் ஐஎஸ்ஸும் வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பேரிங்கை எடுத்த பிறகு உள்ளே பாருங்கள்: ஃபிரேம் பெயின்ட்டுக்கும் பேரிங் திண்டுக்கும் நடுவே வேறு உலோக வளையத்தின் விளிம்பு ஓடினால் கப் இருக்கிறது, இசட்எஸ். ஓடாவிட்டால் ஐஎஸ்.

இனி எண்ணைப் பொருத்துங்கள். மேலும் கீழும் 34 என்றால் பழைய நேர்க்கழுத்து, ‘ஈசி34/28.6’, ‘ஈசி34/30’. இரண்டு பக்கமும் 44 என்றால் ‘இசட்எஸ்44’. மேலே 44, கீழே 56 என்றால் இன்றைய மவுன்டன் பைக்குகளில் நிறையப் பார்க்கும் கூம்புக் கழுத்து. 55 என்றும் ஓர் அளவு உண்டு. அளக்காமல் 56 வாங்கினால் உள்ளே போகாது, போக வைக்கவும் கூடாது. 49.6 அளவில் வந்தால் ஒன்றரை அங்குலக் குடும்பம். ரோடு பைக்கின் கார்பன் ஃபிரேம்களில் மேலே ஐஎஸ்42, கீழே ஐஎஸ்52 அடிக்கடி வரும்.

தண்டின் மேல்பக்கம் 28.6க்குப் பதில் 31.8 காட்டினால் அதிர்ச்சியடைய வேண்டாம். ஜயன்ட் நிறுவனம் தன் ‘ஓவர்டிரைவ் 2’ சைக்கிள்களில் மேலே ஒன்றே கால் அங்குலம் வைத்தது. அதற்கு ஹெட்செட் மட்டுமில்லை, ஸ்டெம்மும் தனி.

பிரேக் ஹோஸும் கேபிளும் ஹெட்செட் வழியாகவே உள்ளே இறங்கும் புது ஃபிரேம்கள் என்றால், மேல் மூடியும் கம்ப்ரஷன் ரிங்கும் அந்த மாடலுக்கே உரியவை. பேரிங்கை மட்டும் வெளியில் வாங்கலாம், மற்றதைத் தயாரிப்பாளரிடம்தான் வாங்க வேண்டும். பேரிங் மாற்றக்கூட ஹோஸைக் கழற்ற வேண்டியிருக்கும். அழகுக்குக் கொடுக்கும் விலை.

பேரிங்கின் கோணம்

ஐஎஸ் வகையில் விட்டம் மட்டும் போதாது. பேரிங்கின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் சாய்வாகச் சீவியிருக்கும். அந்தச் சாய்வின் கோணமும் பொருந்த வேண்டும். இரண்டு பெரிய வகை: 36×45, 45×45. முதலெண் உள்ளே கிரவுன் ரேஸைத் தொடும் பக்கம், அடுத்தது ஃபிரேமைத் தொடும் பக்கம். ஐஎஸ்41 பேரிங் பொதுவாக 36×45. இத்தாலியக் கம்பான்யோலோ நிறுவனத்தின் வழியில் வந்த ஐஎஸ்42 பொதுவாக 45×45. அதன் வெளிவிட்டம் 41.8. அதாவது 41க்கும் 41.8க்கும் நடுவே முக்கால் மில்லிமீட்டர் சொச்சம், கோணமும் வேறு.

நல்ல வேளையாக, பேரிங்கின் கறுப்பு ரப்பர் மூடியிலேயே எல்லாம் அச்சடித்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள், ‘30.15×41×6.5, 36/45’ என்பது போல வரிசையாகத் தெரியும். உள்விட்டம், வெளிவிட்டம், கனம், கோணம். இதை அப்படியே எழுதி வாங்கினால் தவறே நடக்காது. எழுத்து அழிந்திருந்தால் வெர்னியரால் முதல் மூன்றை அளந்துகொள்ளுங்கள். கோணத்துக்கு, பேரிங்கைப் பழைய கிரவுன் ரேஸ் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சாய்வு முழுக்கப் படிந்தால் வெளிச்சம் தெரியாது. 36 கோணக் கிரவுன் ரேஸ் மேல் 45 கோணப் பேரிங் வைத்தால் ஒரு விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது, கிறீச்சிடும். ஃபிரேம் பக்கக் கோணம் தப்பினால் தேய்வது ஃபிரேம். கப் தேய்ந்தால் கப்பை மாற்றலாம்.

ஃபோர்க்கும் மாறினால்

இங்கேதான் இரண்டு பாதி என்ற கணக்கு கைகொடுக்கும். கூம்புக் கழுத்து ஃபிரேமில் பழைய நேர்த்தண்டு ஃபோர்க் போட வேண்டுமா? மேல் பாதியைத் தொடாதீர்கள். கீழ்ப் பாதியை ‘இசட்எஸ்56/30’ ஆக வாங்குங்கள், அல்லது இருக்கிற 40 பேரிங்குக்குள் 30 திண்டு உட்கார வைக்கும் குறைப்பு வளையம் மட்டும் வாங்குங்கள். மேலும் கீழும் 44 உள்ள ஃபிரேமில் கூம்புத்தண்டு ஃபோர்க் போட வேண்டுமா? கீழே ‘ஈசி44/40’ போட்டால் பேரிங் வெளியே வந்துவிடும், இடம் கிடைத்துவிடும். முன்பக்கம் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். ஆனால் 34 கழுத்தில் கூம்புத்தண்டு போகவே போகாது. எந்த அடாப்டரும் அதைச் சாதிக்காது.

உயரக் கணக்கு

விட்டம் எல்லாம் பொருந்தி வாங்கி வந்து, கடைசியில் லாக் நட் ஏறாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹெட்செட் தானே எடுத்துக்கொள்ளும் உயரம், ஸ்டாக் ஹைட், பெட்டியில் போட்டிருக்கும். மரை வைத்ததில் கணக்கு கண்டிப்பானது: தண்டின் மொத்த நீளத்திலிருந்து ஹெட் டியூப் நீளத்தைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்குக் கிடைக்கும் இடம். பழைய ஹெட்செட் 38 மி.மீ. எடுத்துக்கொண்டு, புதியது 33 என்றால் 5 மி.மீ. வாஷரைப் போட்டு நிரப்பலாம். புதியது 41 என்றால் அந்த 3 மி.மீ.யும் லாக் நட் பிடிக்கிற மரையிலிருந்து போகிறது. இரண்டு மூன்று மரையில் தொங்கும் லாக் நட்டை நம்பி ஓட்ட முடியாது.

மரை இல்லாததில் ஸ்பேசரைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம். ஸ்டெம் தண்டை முழுக்கக் கவ்விப் பிடிக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இசட்எஸ் இருந்த இடத்தில் ஈசி போட்டு ஃபோர்க்கையும் பழையதே வைத்துக்கொண்டால் தண்டு நீளம் பத்தாமல் போகலாம்.

எந்தத் தரம்?

நம் மழைக்கும் வாட்டர் சர்வீஸுக்கும் கீழே கார்ட்ரிட்ஜ் பேரிங், நல்ல ரப்பர் உதடு. இதற்கு மேல் செராமிக் அது இதுவெல்லாம் வேண்டாம். ஹேண்டில்பார் முழுச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை, அங்கே உராய்வைக் குறைத்து யாருக்கு லாபம்? பெரிய சைக்கிளில் உதிரிக் குண்டே இருக்கட்டும். கிரீஸைத் தாராளமாக அப்பி, வருஷத்துக்கு ஒரு ஓவராயில் செய்தால் அது பாட்டுக்கு ஓடும்.

மாட்டுவது

கப்பை இறக்க ஹெட்செட் பிரஸ் என்று ஒரு கருவி உண்டு. வீட்டில் நீள மரைக் கம்பி, இரண்டு நட், தடித்த வாஷர்கள் வைத்தும் செய்யலாம். வாஷர் கப்பின் விளிம்பை அழுத்த வேண்டும், பேரிங் உட்காரும் பாதையை அழுத்தக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கப். சாய்வாக இறங்கத் தொடங்கினால் உடனே நிறுத்தி, வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். கப்புக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இருக்கிற இறுக்கம் சுமார் 0.1 முதல் 0.2 மி.மீ.தான். கட்டை வைத்துச் சுத்தியலால் அடித்தால் வாய் நெளியும். கார்பனில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கருவி இல்லை என்றால் இந்த ஒரு வேலையைக் கடையில் கொடுங்கள். கிரவுன் ரேஸை இறக்க, தண்டைவிடச் சற்றே பெரிய உள்விட்டமுள்ள நேர்க்குழாய் ஒன்று போதும். குழாயைத் தண்டின் மேல் மாட்டி மேலிருந்து தட்டுங்கள். அளவு சரியென்றால் அடியின் சத்தம் ‘டப்’பிலிருந்து கனமான ‘டங்’குக்கு மாறும், வளையம் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். மாறாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு மறுபடி அளவு பாருங்கள். என் இழுப்பறை வளையம் அதற்குத்தான் அங்கே இருக்கிறது.

கூண்டு பால்ரஸ் என்றால் எந்தப் பக்கம் மேலே என்பதில் கவனம். கோனையும் கப்பையும் குண்டுகள் தொட வேண்டும், கூண்டின் தகடு தொடக் கூடாது. தலைகீழாகப் போட்டால் திருப்பும்போதே கரகரவென்று காட்டிக்கொடுக்கும்.

மரை வைத்ததில் மேல் கப்பை ஆட்டம் போகும் வரை கையால் இறுக்கி, ஒரு நூல் தளர்த்தி, அதைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டை அதன் மேல் இறுக்குங்கள். லாக் நட் இறுகும்போது கப்பும் சற்று இறுகும். இரண்டு மூன்று முறை முன்னே பின்னே ஆகும். மரை இல்லாததில் தண்டின் முனை ஸ்டெம்மின் உச்சியைவிட 3 முதல் 5 மி.மீ. கீழே இருக்கட்டும். உச்சியோடு உச்சியாக இருந்தால் மூடி தண்டில் முட்டி நின்றுவிடும், பேரிங்குக்கு அழுத்தமே போகாது. ஸ்டெம் போல்ட்டுகளைத் தளர்த்தி வைத்துவிட்டு, மூடியின் போல்ட்டைக் கால் கால் சுற்றாகத் திருகி ஆட்டம் போனதும் நிறுத்துங்கள். ஸ்டெம்மை நேர்செய்து அதன் பக்க போல்ட்டுகளை இறுக்குங்கள். ஸ்டெம்மை இறுக்கி வைத்துக்கொண்டு மூடியைத் திருகுகிறவர்கள்தான் ஸ்டார் நட்டை, அதாவது மூடியின் போல்ட் பிடிப்பதற்காகத் தண்டுக்குள் அடித்து வைத்த நட்டை, பிடுங்கிவிடுவது. கார்பன் தண்டில் ஸ்டார் நட் அடிக்கவே கூடாது, விரியும் பிளக்தான்; ஸ்டெம்மில் அச்சிட்டிருக்கும் டார்க் அளவை மீறாதீர்கள், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்.

புதுக் கப்பும் வளையமும் முதல் சில சவாரிகளில் இன்னும் ஒரு நூல் இறங்கி உட்காரும். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, முன் பிரேக்கைப் பிடித்து விரலை வைத்து மறுபடி ஆட்டிப் பாருங்கள். லேசாக ‘டக்’ என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஸ்டெம்மைத் தளர்த்தி மூடியை இன்னொரு கால் சுற்று.